கோடை முகாம்: சில குறிப்புகள்

அக்கா மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த கையோடு கேட்டாள்: "மாமா, கொடைக்கானல் கேம்ப்ல என்னைச் சேர்த்து விடுங்க." 800 மீட்டர் ஓடுகிறவள். கையில் ஒரு நோட்டீஸ். பத்து நாள், தங்குமிடம், சாப்பாடு, படகுச் சவாரி. மலைக் காற்றில் ஸ்டாமினா கூடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

✦

மலைக்கும் ஓட்டத்துக்கும் உறவு உண்டு. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். 1968-இல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, 1,500, 10,000 மீட்டர் தங்கங்களைக் கென்யாவும் மாரத்தானை எத்தியோப்பியாவும் கொண்டுபோயின. மலைநாட்டுப் பிள்ளைகள்.

ஆனால் ரத்தம் ஊற நாளாகும். மூன்று, நான்கு வாரமாவது வேண்டும். 1997-இல் அமெரிக்காவில் லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில் 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி எடுத்தவர்களுக்குத்தான் 5,000 மீட்டர் நேரம் குறைந்தது. அதுவும் நான்கு வாரத்தில். நம் ஊர்க் கணக்குக்கு, கொடைக்கானலில் படுத்துத் தாண்டிக்குடிப் பக்கம் இறங்கி ஓடுவது. மே மாத நெரிசலில் பெருமாள்மலையைத் தாண்டி தினமும் யார் கூட்டிப்போய் வருவது?

பத்து நாள் முகாமில் முதல் சில நாள் தலைவலியும் சரியாக வராத தூக்கமும்தான். உடம்பு பழகத் தொடங்கும்போது வத்தலக்குண்டு பஸ் வந்துவிடும்.

✦

ஏரியைச் சுற்றும் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர். விடியற்காலையில், பனிமூட்டம் தண்ணீரை விட்டு எழும்பாத நேரத்தில், அதைவிட நல்ல ஓட்டப்பாதை நான் பார்த்ததில்லை. வெயில் ஏறினால் குதிரைகள், வாடகை சைக்கிள், சாணம், மக்காச்சோள வண்டி. நிதானமாக ஓடிப் பழகத் தோதான இடம். 800 மீட்டருக்கு வேண்டியது அளந்து கோடு போட்ட ட்ராக். ஒவ்வொரு 200 மீட்டருக்கும் கடிகாரம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். மலைச் சரிவில் வேகமாக இறங்கி ஓடினால் இந்த வயதில் முழங்காலும் கணைக்கால் எலும்பும் வலியெடுக்கும்.

✦

அக்காவிடம் சொன்னது: முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் மட்டும் போதாது, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து இருப்பு இல்லாத பெண்ணை எவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் விட்டாலும் சிவப்பணு ஊறாது. வயசுக்கு வந்த பிள்ளைகளிடம் இந்தக் குறை அதிகம். அவள் களைப்பைச் சோம்பல் என்று எத்தனை தடவை திட்டியிருப்போம்!

✦

நெடுந்தூர ஓட்டத்தில் பேர் வாங்கிய லட்சுமணன், சூர்யா இருவரும் புதுக்கோட்டைக்காரர்கள். கவிநாட்டில் லோகநாதனிடம் பயிற்சி பெற்றவர்கள். 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் லட்சுமணன் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். இவர்களுக்கு அடித்தளம் போட்டது வெயில் காயும் கண்மாய் ஊர். நாள் தவறாமல் கூடவே நின்ற ஒரு பயிற்சியாளர். உயரத்தில் எடுக்கும் பயிற்சி அந்த அடித்தளத்துக்குப் பிறகு வரவேண்டியது.

✦

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுவரை மாவட்ட மைதானங்களில் கோடைப் பயிற்சி நடத்துகிறது. காலையும் மாலையும்தான், தங்குமிடம் கிடையாது. ஆனால் சொல்லிக்கொடுப்பவரை ஜூனிலும் அதே மைதானத்தில் பார்க்கலாம். எனக்கு இதுவே பெரிய விஷயமாகப் படுகிறது.

✦

எந்த முகாமானாலும் கேட்க வேண்டியவை: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள்? பெண்கள் தங்குமிடத்தில் ராத்திரி பொறுப்பாக யார்? ஓய்வு நாள் உண்டா? முட்டை, சுண்டல் தினமும் உண்டா? கணுக்கால் சுளுக்கினால் எந்த ஆஸ்பத்திரி? நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். படகுச் சவாரி நேரத்தை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்.

✦

முடிவு: திண்டுக்கல் மைதானம். அம்மாச்சி வீட்டில் தங்கிக்கொள்வாள். முகம் தொங்கிப்போயிருக்கிறது, தெரிகிறது. பயிற்சி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். மலைக்குப் போகும் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும்.