முந்தி வச்சிருந்த ஆளு

நாற்பத்தாறு வயசுல எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. அந்த வயசுல நம்மூர்ல சிலருக்கு புல்லட் ஆசை வரும், சிலருக்கு கவுன்சிலர் ஆசை வரும். எனக்கு வந்தது ஒரு ஜெர்மன் கார் மேல. அதுல போய் "ஆரம்ப நிலை சொகுசு"ன்னு ஒரு வகை இருக்காம். பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், பென்ஸ் சி கிளாஸ், ஆடி ஏ4 எல்லாம் அந்தக் கணக்கு. பெரிய பணக்காரங்களுக்கு அது ஆரம்பம். உத்தமபாளையத்துல சொட்டுநீர்க் குழாயும் மோட்டார் சாமானும் விக்கிற எனக்கு அதுதான் முடிவு. அதுவும் புதுசா இல்லைங்க, ஏழெட்டு வருஷம் ஓடுனது. புதுசுல 35 லட்சத்துக்கு மேல போன வண்டி, 2022-ல 14 லட்சத்துக்குக் கிடைச்சிக்கிட்டிருந்துச்சு.

கையில சீட்டு எடுத்த பணம் 14 லட்சம் இருந்தது. மக பதினொண்ணாவது படிச்சிக்கிட்டிருந்தா. வீட்டம்மாகிட்ட மெதுவா விஷயத்தைச் சொன்னேன். சத்தம் போடுவான்னு பார்த்தா போடலை. "மாமா சரின்னு சொன்னா வாங்கிக்கங்க"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அங்கதான் அவ புத்திசாலித்தனம். எங்கப்பா சரின்னு சொல்ல மாட்டாருன்னு அவளுக்கு நல்லாத் தெரியும்.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் ஜீப் ஓட்டுனவரு. விடியக்காலையில கம்பத்துல ஆளுகளை ஏத்தி, கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத் தோட்டங்கள்ல இறக்கி விட்டுட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டிட்டு வரணும். வெள்ளனமே தூக்குச்சட்டியோட நிக்கிற அந்தப் பொம்பளைகளை நம்ம பக்கத்துல பார்க்காதவங்க இருக்க மாட்டீங்க. சொகுசு வண்டியப் பத்தி அப்பாவுக்கு ஒரே ஒரு கருத்துதான். அதுக்கு அவரு வச்ச பேரு "ஏலக்கா காரு".

காரணம் இருக்கு. 2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. போடியிலயும் கம்பத்துலயும் அந்த வருஷம் இறங்குன வண்டிகளைப் பார்க்கணுமே! 2022 வாக்குல சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழ வந்துருச்சு. அதே வண்டிகள்ல பாதி தார்ப்பாய் போட்டு மூடிக் கெடந்துச்சு. டீக்கடையில உக்காந்து ரோட்டைப் பார்த்தே ஏலக்கா விலையைச் சொல்லிருவாரு எங்கப்பா.

"நான் ஏலக்கா யாவாரி இல்லைப்பா, குழாய்க்கடைக்காரன்"னேன்.

"குழாய் மட்டும் மழைதண்ணி இல்லாட்டி விக்குமா?"ன்னாரு. ஆனா ஒரு வாரம் கழிச்சு அவரே, "சரி, போய்ப் பார்ப்போம். பார்க்கிறதுக்குக் காசு கேக்க மாட்டாய்ங்க"ன்னாரு. எனக்கே ஆச்சரியம்.

முதல்ல கொச்சி. குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியா பஸ்ல போனோம். பழைய கார் விக்கிற ஒரு கடை (பேரு வேண்டாம்). 2014 மாடல் பென்ஸ் சி கிளாஸ், வெள்ளை, 11 லட்சத்துச் சொச்சம். பார்த்ததுமே எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. நான் ஒரு மாசமா வீடியோ பார்த்துத் தேறுன ஆளுல்ல? செல்போன்ல பரிவாகன் திறந்து பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தேன். ரெண்டாவது ஓனர், கடன் பாக்கி இல்லை, இன்சூரன்ஸ் இருக்கு. எல்லாம் சரி. ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போச்சு.

அப்பா வண்டியில ஏறவே இல்லை. கதவைத் திறந்து வச்சுட்டுக் குனிஞ்சு மூக்கை உள்ள விட்டாரு. "எதுக்குடா இம்புட்டு செண்டு அடிச்சிருக்காய்ங்க?" அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓட்டுநர் சீட்டுக்கு அடியில கையை விட்டாரு. சீட்டு முன்னும் பின்னும் நகர்ற தண்டவாளம் இருக்குல்ல, அதோட போல்ட்டை நகத்தால சுரண்டி எனக்குக் காட்டினாரு. துரு. பளபளன்னு இருக்கிற காருல, மழைத்தண்ணி எட்டவே முடியாத எடத்துல துரு. டிக்கியில விரிப்பைத் தூக்கி மூலையில விரலை விட்டாரு. வந்தது மாவு மாதிரி காஞ்ச வண்டல்.

அப்பதான் எனக்கு வீடியோவுல பார்த்த ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. சீட் பெல்ட்டை முழுசா இழுத்தேன். வழக்கமா நாம இழுக்கிற நீளம் வரைக்கும் சுத்தம். அதுக்கு மேல, கடைசி ஒரு சாண் நீளத்துல, காப்பித்தண்ணி காஞ்ச மாதிரி ஒரு கோடு.

2018 ஆகஸ்ட். நாம இங்க முல்லைப் பெரியாறு 142 அடின்னு பேப்பர் பார்த்துக்கிட்டிருந்த அதே நாட்கள்ல, கீழ அந்தப் பக்கம் பெரியாறு ஆலுவாக்குள்ள புகுந்துருச்சு. கொச்சி விமானநிலையமே ஆகஸ்ட் 15-லருந்து 29 வரைக்கும் மூடிக் கெடந்துச்சு. வீட்டு வாசல்ல நின்ன கார்களுக்கு என்ன ஆகியிருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. (2015 டிசம்பர்ல சென்னையிலயும் இதே கதைதான்.) ரிப்பேர் செலவு வண்டிக்கு இன்சூரன்ஸ்ல போட்ட மதிப்புல முக்கால்வாசியைத் தாண்டினா, முழு நஷ்டம்னு எழுதிப் பணத்தைக் கொடுத்திருவாங்க. வண்டி ஏலத்துக்குப் போகும். எடுக்கிறவரு கழுவித் துடைச்சு, சீட்டுத் துணி மாத்தி, திரும்பச் சந்தைக்குக் கொண்டு வந்திருவாரு. இந்தச் சங்கதி எதுவும் ஆர்.சி. புக்குல வராது, பரிவாகன்லயும் வராது. ஒயருக்குள்ள பச்சை பூத்து, ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நடுராத்திரியில வண்டி நிக்கும்போதுதான் தெரியும்.

கடைக்காரரு "வெள்ளமா? ஏய், இல்லா சேட்டா"ன்னு சிரிச்சாரு. நாங்க வெளிய வந்து டீ குடிச்சோம்.

"எப்படிப்பா சீட்டுக்கு அடியில கையை விடணும்னு தோணுச்சு?"ன்னு கேட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தாரு. 1984-ல அவரு சொந்தமா வாங்குன முதல் ஜீப்பு கட்டப்பனைப் பக்கம் ஒருத்தர்கிட்ட வாங்குனதாம். ஆத்துல ஒரு ராத்திரி முழுக்க முங்கிக் கெடந்த வண்டி. பெயிண்ட் அடிச்சுக் கொடுத்துட்டாங்க. ரெண்டே மாசத்துல என்ஜின் இறுகிருச்சு. பிரிச்சுப் பார்த்தா உள்ள மணல். "ஒங்க ஆத்தா சங்கிலி அஞ்சு பவுனு. வச்சது வச்சதுதான், திருப்பவே இல்லை."

அம்மா கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும் கிடந்ததுக்கு என் காலேஜ் படிப்புதான் காரணம்னு இத்தனை வருஷமா நினைச்சிக்கிட்டிருந்தேன். அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. அப்பாவை விட்டுக்கொடுக்கலை. அது செத்து அப்ப ஆறு வருஷம். திரும்பி வர்ற பஸ்ல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை. குமுளி வந்ததும், "வண்டியப் பார்க்காதடா. முந்தி வச்சிருந்த ஆளைப் பாரு"ன்னு மட்டும் சொன்னாரு.

கேரளா வண்டி வேணாம்னு அத்தோட விட்டுட்டேன். அதுக்கு வேற கணக்கும் உண்டு. அங்க தடையில்லாச் சான்று வாங்கணும், இங்க வந்து வண்டி வயசுக்குத் தகுந்த ஆயுள் வரியை மறுபடி கட்டணும், புது நம்பர் வாங்கணும். கே.எல். நம்பரோடயே ஓட்டிக்கலாமேன்னு நம்ம பக்கம் நிறையப் பேரு நினைக்கிறாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி 12 மாசத்துக்கு மேல வேற மாநிலத்துல வச்சிருந்தா நம்பர் மாத்தியே ஆகணும். தமிழ்நாட்டு வண்டின்னா ஆயுள் வரி திரும்பக் கட்ட வேண்டியதில்லை. பேரு மாத்த படிவம் 29, 30.

அடுத்தது கோயம்புத்தூர், மார்ச் மாசம். 2015 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி, டி.என். 66, ஒரே ஓனர், 61,000 கிலோமீட்டர். (பி.எம்.டபிள்யூவை ஜெர்மன் கார்னு சொன்னாலும் அது நம்ம செங்கல்பட்டுப் பிள்ளைங்க. மகிந்திரா வேர்ல்டு சிட்டியில 2007-ல ஃபேக்டரி திறந்தப்ப முதல்ல பூட்டுனதே 3 சீரிஸ்தான்.) இந்த மாதிரி டீசல் என்ஜின்ல டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமா இருக்கும். ஆரம்ப வருஷ வண்டிகள்ல அது தேஞ்சு சத்தம் போடுங்கிறது உலகம் பூரா தெரிஞ்ச சமாச்சாரம். மாத்தணும்னா என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும், செலவு லட்சக்கணக்குல. இதை அப்பாகிட்ட சொன்னதுக்கு, "அப்ப காலையில முதல் ஸ்டார்ட்டு நம்ம காதுல விழணும்"னாரு. பத்து மணிக்கு வர்றோம்னு சொல்லியிருந்தோம். காந்திபுரத்துல ரூம் போட்டுத் தங்கி, காலையில ஆறரைக்கே ஆர்.எஸ்.புரத்துல அந்த வீட்டுக் கதவைத் தட்டிட்டோம்.

எனக்கு வெக்கமாப் போச்சு. கதவைத் திறந்தது அறுபத்தஞ்சு வயசுல ஒரு அம்மா. வீட்டுக்காரரு தவறி எட்டு மாசம் ஆச்சாம். பையன் அமெரிக்காவுல. "வாங்க, வாங்க. காப்பி சாப்பிட்டீங்களா? இத்தனை நேரத்துல வந்துட்டீங்களே"ன்னு சிரிச்சாங்க. அப்பா செருப்பைக் கழட்டிட்டுக் கையைக் கூப்பி, "மன்னிச்சுக்கம்மா, நான் பழைய டிரைவரு. ஆறிக்கிடக்கிற என்ஜின் சத்தத்தைக் கேக்கணும்னு நான்தான் பையனை இழுத்துட்டு வந்தேன்"னாரு. அந்தம்மா சாவியை எடுத்து அப்பா கையில கொடுத்தாங்க.

அப்பா முதல்ல பானட் மேல உள்ளங்கையை வச்சுப் பார்த்தாரு. சில்லுன்னு இருந்துச்சு. நான் ஸ்டார்ட் பண்ணேன். அவரு முன்சக்கரத்துக்கிட்ட குத்தவச்சுக் கண்ணை மூடிக்கிட்டாரு. ரெண்டு நிமிஷம். எந்திரிச்சு ஒண்ணும் சொல்லலை. சீட்டுத் தண்டவாளம், டிக்கி, பேட்டரி (இந்த வண்டியில அது டிக்கிக்குள்ள இருக்கு, அவருக்கு அது பெரிய வேடிக்கை), எல்லாத்தையும் தடவிப் பார்த்தாரு. கடைசியா முன்னாடி டப்பாவைத் திறந்தவரு அசையாம நின்னுட்டாரு.

உள்ள பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு. 2015-லருந்து ஒவ்வொரு தடவையும் டீசல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர். ஆயில் மாத்துன தேதி. "வலது முன் டயர் பஞ்சர், பெருந்துறை." கோயிலுக்குப் போன நாள், பேத்தி பிறந்த நாள் எல்லாம் அந்தக் கணக்குக்கு நடுவுலயே. கடைசிப் பக்கங்கள்ல கையெழுத்து ஆடியிருந்துச்சு. அப்பாவும் ஜீப்புல இதே மாதிரி ட்ரிப் நோட்டு வச்சிருந்தவருதான்.

"இதை வாங்கிக்க"ன்னாரு.

பதினாலரை சொல்லியிருந்தாங்க. நான் பேரத்துக்குத் தயாராத்தான் போயிருந்தேன். அப்பா என் கையைப் பிடிச்சு அங்கிட்டு இழுத்துட்டுப் போய், "டயர்க் கணக்கை மட்டும் சொல்லு, வேற பேசாத. எழவு விழுந்த வீடு"ன்னாரு. டயர்ப் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். ரெண்டு டயர் 2015-லயே பிறந்தது. இது பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுற ரன்-ஃப்ளாட் டயரு, விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி. அந்தம்மாகிட்ட காட்டினேன். 13 லட்சத்து 80 ஆயிரத்துக்கு முடிஞ்சுது. நோட்டை எடுத்து நீட்டினோம். வாங்கிக் கொஞ்ச நேரம் புரட்டிட்டு, "வண்டியோடவே இருக்கட்டுங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க.

பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு வழியா வந்தோம். தேவதானப்பட்டி தாண்டி ஒரு வேகத்தடையில வயிறு உரசுன சத்தம் இன்னும் காதுல இருக்கு. "ஜீப்புன்னா தெரிஞ்சிருக்காது"ன்னாரு அப்பா. வீட்டம்மா ஆரத்தி எடுத்தா, ஆனா என்கிட்ட மூணு நாள் பேசலை. மாமனார் இப்படிக் கட்சி மாறுவாருன்னு அவ எதிர்பார்க்கலை.

வாங்குனதுக்கப்புறம்தான் நான் கணக்குல போடாத ஒரு செலவு வந்துச்சு. பேட்டரி, டயரு எல்லாம் எதிர்பார்த்ததுதான். மதுரைக்குக் கொண்டு போய்த்தான் பார்க்கணும், பேட்டரி மாத்துனாக்கூட கம்ப்யூட்டர்ல பதியணும், அதெல்லாம் தெரிஞ்சேதான் இறங்குனேன். முதல் வருஷம் ஒன்றரை லட்சம் போச்சு. தெரியாம மாட்டுனது கடைப் பாக்கி விஷயத்துல. ராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி திராட்சைத் தோட்டக்காரங்க அறுவடைக்கு அறுவடை பாக்கியைக் கொடுக்கிறவங்க. வண்டியைக் கடை வாசல்ல நிறுத்துன முதல் மாசத்துலயே பேச்சு மாறிருச்சு. "ஒங்களுக்கென்னண்ணே, அடுத்த காய்ப்புல பார்த்துக்கலாம்." இன்னொருத்தரு சிரிச்சுக்கிட்டே, "குழாய்ல இம்புட்டு இருக்கா?"ன்னாரு. 45 நாள்ல வர்ற பணம் நாலு மாசம் இழுத்துச்சு. மகளுக்கு எடுத்து வைக்கவேண்டிய பணமும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. நல்லவேளையா கவுன்சிலிங்ல அரசு கல்லூரியே கிடைச்சது. கிடைக்காமப் போயிருந்தா நான் இந்தக் கதையைச் சிரிச்சுக்கிட்டு எழுதிக்கிட்டிருக்க மாட்டேன்.

அதனால இப்ப கடைக்குப் போறது டி.வி.எஸ். எக்ஸெல்லுலதான். அது வாசல்ல நின்னாத்தான் பாக்கி வசூலாகுது. கார் வீட்டுல நிக்குது. ஞாயித்துக்கிழமை சுருளிக்கோ வீரபாண்டிக்கோ ஒரு நடை, மாசத்துக்கு ஒருதடவை மதுரை. அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆச்சு, ஓட்ட விடுறதில்லை. தினமும் காலையில துணியால துடைச்சுட்டு, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் குத்தவச்சுக் கேப்பாரு. டீசல் போட்டுட்டு வந்தா ரசீதைக் கேட்டு வாங்கி, அதே பச்சை நோட்டுல, அந்தக் கோயம்புத்தூர்க்காரர் விட்ட எடத்துக்குக் கீழ எழுதி வைக்கிறாரு. போன வாரம் எட்டிப் பார்த்தேன். "38 லிட்டர். சின்னமனூர். பையனுக்கு சளி"ன்னு எழுதியிருந்துச்சு.

பின்னாடி இடது டயரு இந்த மாசம் மாத்தணும். விலை கேட்டேன், அதை வீட்டுல இன்னும் சொல்லலை. சரி, கடை திறக்கணும், வரேன்.