கோர்தோபாவில் இரண்டு நாள்

குடும்பத்தோடு சுற்றுலா போவது என்றால், ஒரே ஊருக்கு ஐந்து பேர் ஐந்து விதமாகப் போவது என்று அர்த்தம். 2025 மே மாதம் மத்ரித் நகரிலிருந்து கோர்தோபாவுக்குக் கிளம்பிய அந்தக் குடும்பமும் அப்படித்தான். அப்பாவின் கையில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல். அம்மாவுக்கு அந்த ஊர் வீட்டு முற்றங்களின் பூந்தொட்டிகள். பத்து வயதுப் பையனுக்கு ஐஸ்கிரீம். பதினாறு வயது மகளுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி. பாட்டிக்கு ஒரே ஓர் ஆசைதான்: அங்கே இருக்கும் பேராலயத்தில் முழங்காலிட்டு ஜெபிக்க வேண்டும். தாத்தா இறந்து அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது.

1992ல் அதிவேக ரயில் வந்த பிறகு மத்ரித்திலிருந்து கோர்தோபா இரண்டு மணி நேரம்கூட இல்லை. காலையில் இறங்கியவுடனேயே அப்பா பட்டியலைப் பிரித்துவிட்டார். குவாதல்கிவிர் ஆற்றின் மேல் 16 வளைவுகளோடு நிற்கும் ரோமானியப் பாலம். பிறகு யூதர் தெரு. அங்கே 1315ல் கட்டிய சின்ன ஜெபக்கூடம் ஒன்று இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர ஐந்து நிமிடம் போதும்.

"இங்க இருந்த யூதர்கள் எல்லாம் எங்கே?" என்றான் பையன்.

"1492ல ஸ்பெயினை விட்டே துரத்திட்டாங்க" என்றாள் அக்கா. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்தது மெஸ்கித்தா. படத்தில் ஆயிரம் முறை பார்த்திருந்தாலும் உள்ளே நுழைந்தவுடன் பேச்சு நின்றுவிடும் இடம் அது. ஏறத்தாழ 850 தூண்கள். அவற்றின் மேல் சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வரும் இரட்டை வளைவுகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் காடு போலத் தூண்கள். பையன் 60 வரை எண்ணிவிட்டுக் குழம்பிப்போனான்.

785ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் காலத்தில் தொடங்கிய பள்ளிவாசல் இது. அதன் பிறகு 200 வருடங்களில் மூன்று முறை பெரிதாக்கினார்கள். 1236ல் மூன்றாம் பெர்னாந்து ஊரைக் கைப்பற்றியதும் தேவாலயம் ஆனது. ஆனாலும் கட்டடம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. 1523ல்தான் நடுவிலிருந்த தூண்களை எடுத்துவிட்டு அங்கே ஒரு பெரிய பேராலயத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஊர் நகரசபையே அதை எதிர்த்தது. ஆனால் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி கொடுத்துவிட்டார். பழைய மினாராவையும் இடிக்காமல், அதைச் சுற்றி மணிக்கோபுரத்தைச் சட்டை மாட்டுவது போலக் கட்டிவிட்டார்கள்.

பாட்டி அந்த நடுப் பகுதிக்குப் போய் முழங்காலிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. மகள் தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே ஆரஞ்சு மர முற்றத்துக்கு வந்ததும் கேட்டுவிட்டாள்.

"பாட்டி, நீங்க உள்ளே ஜெபம் பண்ணினீங்க. ஒரு முஸ்லிம் பாட்டி வந்தா அவங்களும் பண்ணலாமா?"

பண்ண முடியாது. 2010ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் சுற்றுலாப் பயணிகள் சிலர் உள்ளே தொழ முயன்றபோது காவலர்களோடு கைகலப்பே ஆகியிருக்கிறது. 2006ல் வெறும் 30 யூரோ கட்டணத்தில் மறைமாவட்டம் கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. அதைப் பற்றிய சண்டையும் ஸ்பெயினில் இன்னும் ஓயவில்லை. மகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"தேவாலயமா ஆனதாலதான் இது தப்பிச்சுது" என்றார் அப்பா. "செவியாவுல பெரிய பள்ளிவாசலை இடிச்சுட்டுத்தான் பேராலயம் கட்டினாங்க. மினாராவும் முற்றமும்தான் மிச்சம்." அதுவும் உண்மைதான். அம்மாவும் சேர்ந்துகொண்டார். முதலில் நட்ட தூண்கள் பலவும் ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. மிஹ்ராபில் மின்னும் மொசைக்கோ கிறிஸ்தவ பைசாந்தியப் பேரரசிலிருந்து வந்தது. எது யாருடையது என்று எங்கிருந்து கணக்குப் போடுவது?

பாட்டி பதிலே சொல்லவில்லை. மதிய சாப்பாட்டில் சால்மோரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் குழம்பு வந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை.

சாயங்காலம் அம்மாவின் முறை. மே மாதத்தில் கோர்தோபாக்காரர்கள் தங்கள் வீட்டு முற்றங்களைத் திறந்துவைத்து யாரை வேண்டுமானாலும் உள்ளே விடுகிறார்கள். இந்த விழாவை 2012ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வீட்டில் சுவர் முழுக்கத் தொட்டிகள். உயரத்தில் இருப்பவற்றுக்கு நீளமான குச்சியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். செடிகள் அவர் வைத்தவை அல்லவாம். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனவையாம்.

பாட்டி பேத்தியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? யார் வெச்சா என்ன, தண்ணி ஊத்த ஒரு ஆள் இருந்தா போதும்."

"சரி பாட்டி. ஆனா செடி வெச்சவங்க வந்து கதவைத் தட்டினா உள்ளே விடணும்ல?"

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "விடணும்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை. மறுநாள் பட்டியலில் இரண்டு இடங்கள் பாக்கி இருக்கும்போதே எல்லோரும் ஊர் திரும்பினார்கள்.

மூன்று மாதம் கழித்து, 2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு, மகளின் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. மெஸ்கித்தாவின் கூரையில் நெருப்பு. அவள் நேராகப் பாட்டியின் அறைக்குத்தான் ஓடினாள். இருவரும் தொலைக்காட்சி முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் நெருப்பை அடக்கிவிட்டார்கள், ஒரு சிற்றாலயத்தின் கூரை இடிந்தாலும் கட்டடம் தப்பியது என்று செய்தி வரும் வரைக்கும் இரண்டு பேரும் தூங்கப் போகவில்லை.

எரிவது பள்ளிவாசலா, பேராலயமா என்று அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் மகள் மறுபடியும் கேட்டாள்:

"இப்ப சொல்லுங்க பாட்டி, அந்த முஸ்லிம் பாட்டியை உள்ளே விடலாமா?"

"விடணும்னு அன்னைக்கே சொல்லிட்டேனே!" என்றார் பாட்டி.