நெடுஞ்சாலை 400: பனிக்குள் ஒரு குடும்ப வண்டி

டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் அந்த வீட்டு வாசலில் நின்ற டொயோட்டா ராவ்4 மேல் இரவு பெய்த பனி ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணி. மைனஸ் பதினொன்று. கனடாவின் பனிக்காலத்தில் ஒரு குடும்பம் வண்டி எடுத்துப் போவதை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். "அப்ப எங்களோடை பேரிக்கு வாங்கோ தம்பி. என்ரை தம்பியார் அங்கைதான் இருக்கிறார். பிள்ளையளுக்கும் சறுக்கி விளையாடலாம்" என்றார் அக்கா. பேரி டொரொண்டோவுக்கு வடக்கே இருக்கும் ஊர். அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அந்த வீட்டில் நெடுந்தூரம் ஓட்டுவது அவர்தான்.

புறப்படுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. நீளக் கைப்பிடி போட்ட பிரஷ்ஷை எடுத்துக் கூரையிலிருந்து ஆரம்பித்தார். கண்ணாடிகளை மட்டும் துடைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களை அந்தத் தெருவிலேயே பார்த்தேன். "மேலை கிடக்கிறதை விட்டிட்டுப் போனா, முதல் பிரேக்கிலை அவ்வளவும் முன்கண்ணாடியிலை வந்து விழும். ஒண்டும் தெரியாது. ஓட்டத்திலை பறந்தா பின்னாலை வாறவனுக்கு ஆபத்து." அடுத்து முகப்பு விளக்கு, பின் விளக்கு. இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் பழைய பல்புபோல் சூடாவதில்லை. மேலே படிந்த பனி தானாக உருகாது, கையால்தான் தள்ள வேண்டும். முன்பக்கம் கம்பெனிச் சின்னத்தையும் விரலால் வழித்துவிட்டார். முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடார் அதன் பின்னால் இருக்கிறது. அது மூடிக்கொண்டால் தானாகப் பிரேக் போடும் வசதி வேலை செய்யாமல் போகலாம்.

பிறகு டயர். இதுதான் நான் முக்கியமாகப் பார்க்க வந்தது. குனிந்து டயரின் பக்கவாட்டைக் காட்டினார். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இந்தக் குறி இருந்தால் அந்த டயர் பனியில் இழுவைச் சோதனை செய்து தேறியது என்று பொருள். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அந்த உறுதி கிடையாது. ரப்பர் மேல் கட்டை விரலை அழுத்திப் பார்த்தேன். மைனஸ் பதினொன்றிலும் லேசாக அமுங்கிக் கொடுத்தது. டயரின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையிலும் பிளேடால் கீறியதுபோல் நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள். வண்டி உருளும்போது அந்த வெட்டுகளின் விளிம்புகள் விரிந்து பனியைக் கடிக்கின்றன. தரையில் படிந்த ஈரப்படலத்தையும் ஒதுக்குகின்றன. கோடைக்கு எனச் செய்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். உறைகுளிரில் அது வெயிலில் கிடந்த பழைய செருப்பின் அடிபோல விறைத்துவிடும். அதற்குப் பனியில் பிடிப்பே வராது.

கியூபெக் மாகாணம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் அப்படிச் சட்டம் இல்லை. போட்டால் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. 2016 முதல் எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் அதைக் கொடுத்தாக வேண்டும். சட்டம் இல்லாததால் நான்கு டயர் வாங்கும் செலவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டு வாடகையும் கடனும் கட்டிக்கொண்டிருப்பவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் கராஜில் ஓய்வெடுக்கிறது. இரண்டும் கூடுதல் வருஷம் உழைக்கும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பயப்படும் அளவுக்குச் செலவில்லை. கியூபெக் செய்ததை ஒன்டாரியோவும் செய்யத்தான் வேண்டும்.

"எங்கடை ஆக்கள் எஸ்யூவி வாங்கினவுடனை, நாலு சில்லும் இழுக்குது, இனி என்ன பயம் எண்டு நினைக்கினம்" என்றார் அக்கா. "நாலு சில்லும் சேந்து வண்டியைக் கிளப்பும், சரி. நிப்பாட்டுறதுக்கு எல்லாக் காருக்கும் நாலு பிரேக்தானே தம்பி?"

இந்த ஒரு கேள்விக்குள் முழு விஷயமும் இருக்கிறது. இந்த மாதிரிக் குடும்ப எஸ்யூவிகளில் பெரும்பாலானவற்றில் சாதாரண ஓட்டத்தில் முன் சக்கரங்களே இழுக்கின்றன. முன் சக்கரம் சுழலத் தொடங்கினால், அல்லது சுழலப்போகிறது என்று கணினி கணித்தால், பின் சக்கரங்களுக்கும் விசை போகிறது. சிக்னலில் நின்று கிளம்பவும், பனி மூடிய மேட்டில் ஏறவும், வாசலில் குவிந்த பனியைத் தாண்டவும் அது அருமையான உதவி. வேகம் எடுத்த பிறகு நிறுத்துவது டயரின் பிடிமானம் மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. ஒன்றரை டன் வண்டியும் அதற்குள் இருக்கும் பிள்ளைகளும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் போகிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் அடித்தால் 12, 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். இறுகிய பனியில் சுமார் 40 மீட்டர் வேண்டும். வழுக்குப் பனிக்கட்டியில் 100 மீட்டரும் ஆகலாம். நான்கு சக்கர விசை என்ன செய்கிறது என்றால், கிளம்பும்போது வழுக்காததால், சாலை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஓட்டுகிறவரை நம்பவைத்துவிடுகிறது. உண்மை தெரிய வருவது பிரேக்கை மிதிக்கும்போது.

பிள்ளைகள் வந்தார்கள். சின்னவன் புசுபுசுவென்ற ஜாக்கெட்டோடு இருக்கையில் ஏறப் பார்த்தான். அக்கா அதைக் கழற்றச் சொல்லி, மெல்லிய ஸ்வெட்டர் மேல் பெல்ட்டை இறுக்கினார். ஜாக்கெட்டைத் திருப்பி முன்பக்கமாக, போர்வைபோல் போர்த்திவிட்டார். தடித்த ஜாக்கெட் மேல் பெல்ட் இறுக்கமாகத் தெரிந்தாலும், மோதலில் உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும், பிள்ளை நழுவிவிடும். குளிர் நாட்டில் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். டிக்கியில் சின்ன ஷவல், ஒரு மூட்டை மணல், போர்வைகள், பேட்டரி கேபிள், மைனஸ் 40 வரை உறையாத நீலநிறக் கண்ணாடித் திரவம் ஒரு கேன். பெட்ரோல் முக்கால் டாங்க். வழியில் சாலையை மூடிவிட்டால் வண்டிக்குள்ளேயே மணிக்கணக்கில் இருக்க வேண்டி வரும். ஹீட்டருக்கு பெட்ரோல் வேண்டும். அப்படி நிற்கும்போது முதலில் இறங்கிப் புகைக்குழாய் வாயை மூடிய பனியைத் தோண்டிவிட்டுத்தான் இன்ஜினை ஓட்ட வேண்டும் என்று மூத்த மகள் எனக்குச் சொன்னாள். குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமில்லை.

நெடுஞ்சாலை 401-இல் ஏறி மேற்கே போய், 400-இல் வடக்கே திரும்பினோம். டொரொண்டோ எல்லை வரை சாலை கறுப்பாக, ஈரமாக இருந்தது. எல்லாம் உப்பின் வேலை. லாரிகள் கிளப்பிய உப்பு நீர் முன்கண்ணாடியில் படிந்து படிந்து வெள்ளையாகக் காய்ந்தது. அக்கா அடிக்கடி திரவத்தைப் பீய்ச்சி வைப்பர் போட்டார். இந்த உப்பு ஹூரன் ஏரிக்கரையில் உள்ள கோடரிச் என்ற ஊரின் சுரங்கம் போன்ற இடங்களிலிருந்து வருகிறது. ஏரிக்கு அடியில் அரைக் கிலோமீட்டருக்கும் கீழே போகும் சுரங்கம். உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மைனஸ் பத்து, பன்னிரண்டுக்குக் கீழே அதன் வேகம் குறைந்துவிடும். அப்போது பிடிமானத்துக்கு மணல் தூவுகிறார்கள்.

ஹாலண்ட் மார்ஷ் வந்தது. கேரட்டும் வெங்காயமும் விளையும் கறுப்பு மண் சமவெளி, இப்போது முழுக்க வெள்ளை. தடுக்க மரமில்லை. வயல்மேல் கிடந்த பனியைக் காற்று சாலைக்குக் குறுக்கே பாம்பு பாம்பாக இழுத்துக்கொண்டு போனது. அக்கா நூறிலிருந்து எழுபத்தைந்துக்கு இறங்கினார். குரூஸ் கண்ட்ரோல் போடவே இல்லை. சக்கரம் வழுக்கும்போது வேகத்தைக் காலால் உடனே விட வேண்டும். அது மெஷின் பிடித்திருக்கிற வேகமாக இருக்கக் கூடாது. பாலம் வந்தபோது ஏறுவதற்கு முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பாலத்துக்கு அடியிலும் காற்றோட்டம் இருப்பதால் அதன் தரை முதலில் உறையும். மைனஸ் இருபதைவிடப் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர்தான் மோசமானதாம். அப்போது பனிக்கட்டியின் மேல் நுண்ணிய நீர்ப்படலம் இருக்கும். வெறும் ஈரச் சாலைபோலத்தான் கண்ணுக்குத் தெரியும்.

இன்னிஸ்ஃபில் ஊரைத் தாண்டுவதற்குள் வெயில் போய்விட்டது. ஒரு கிலோமீட்டர் முன்னால் வெள்ளையாக ஒரு சுவர். பக்கத்தில் வானம் நீலமாகவே இருந்தது. ஹூரன் ஏரியின் கிளையான ஜார்ஜியன் வளைகுடாவின் நீர் இன்னும் முழுதாக உறையவில்லை. ஆர்க்டிக் பக்கமிருந்து வரும் உலர்ந்த குளிர்காற்று அந்த நீரைக் கடக்கும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு, கரை ஏறியதும் குறுகிய பட்டையாகப் பனியைக் கொட்டுகிறது. பட்டைக்குள் மாட்டிய ஊருக்குப் பேய்ப்பனி, பக்கத்து ஊருக்கு வெயில். ஏரி உறைந்து மூடிக்கொண்டால் இதுவும் அடங்கும். 2014 பிப்ரவரியில் இப்படி ஒரு பனிப்பட்டைக்குள் இந்தச் சாலையில், இந்த இடத்துக்கு அருகில்தான், நூறை நெருங்கும் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின.

உள்ளே நுழைந்த சில நொடிகளில் முன்னால் போன லாரி காணாமல் போயிற்று. அக்கா பிரேக்கைத் தொடவில்லை. வேகம் தானாக இறங்க விட்டார். ஐம்பது. நாற்பது. விளக்கு எல்லாம் எரிகிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "அந்தரப்படக் கூடாது. நடுவிலை நிண்டாலும் பின்னாலை வாறவன் அடிப்பான், விழுந்தடிச்சு ஓடினாலும் முன்னாலை நிக்கிறவனை நாங்கள் அடிப்பம். ஆறுதலாப் போவம்." பிள்ளைகள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அப்போது நீல விளக்குகள் மின்னுவது தெரிந்தது. பனி வழிக்கும் வண்டிகள் மூன்று, ஒன்றுக்குப் பின் ஒன்று சாய்வாக, எல்லாத் தடத்தையும் அடைத்துக்கொண்டு போயின. முதலாவது வழித்துத் தள்ளுவதை இரண்டாவது வாங்கி, அதை மூன்றாவது ஓரத்துக்குத் தள்ளுகிறது. அக்கா முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. நல்ல இடைவெளி விட்டு அவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டார். வலப்புறம் ஒதுங்கிய ஒரு கறுப்பு எஸ்யூவிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இடுக்கில் முந்தப் பார்த்து, கிளம்பிய பனித்தூளைக் கண்டு பின்வாங்கியது. சற்றுத் தள்ளி இரண்டு பாதைகளுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் இன்னொரு எஸ்யூவி மூக்குக் குத்திக் கிடந்தது. பெரிய வண்டி, ஏழு பேர் உட்காரலாம். ஆட்கள் வெளியே நின்றிருந்தார்கள், போலீஸ் வண்டியும் வந்திருந்தது. "கானுக்குள்ளை கிடக்கிறதிலை பாதி உந்த மாதிரி வண்டிதான்" என்றார் அக்கா, வருத்தத்தோடு.

பேரிக்குள் வந்ததும் ஒரு காலி வாகனத் திடலுக்குள் திருப்பினார். பிள்ளைகளை மாமா வீட்டில் இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்தார். "வடிவாப் பாருங்கோ." முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழு அழுத்தமாக மிதித்தார். அடியில் கடகடவென்று அதிர்வு. ஏ.பி.எஸ். நொடிக்குப் பலமுறை பிடித்துப் பிடித்து விடுகிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் இந்த அதிர்வுக்குப் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், எடுக்கவே கூடாது. அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினார், வண்டி மெல்ல ஒதுங்கியது. சக்கரம் பூட்டிக்கொள்ளாததால்தான் திருப்ப முடிகிறது. அடுத்த முறை வேண்டுமென்றே வேகமாக வளைத்தார். முன்பக்கம் திரும்பாமல் நேரே வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் திருப்பவில்லை, காலை எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கினார். பிடிப்பு வந்தது. போக வேண்டிய இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார்; மோதிவிடுவோமோ என்று கம்பத்தையே பார்த்தால் கை அதை நோக்கியே போகும். புதிதாக இந்த நாட்டுக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் பனி விழும் வாரத்தில் யாராவது ஒருவர் காலி இடத்தில் ஒரு மணி நேரம் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத் தேர்வைக் கோடையில் எழுதி, கோடையிலேயே ஓட்டிக் காட்டிவிட்டு நேரே டிசம்பருக்குள் போகிறவர்கள் நிறையப் பேர்.

மாலையில் திரும்புவதாகத்தான் திட்டம். மறுநாள் காலை அக்காவுக்கு ஷிப்ட் இருந்தது. போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. நாலரை மணிக்கு ஒன்டாரியோ 511 தளத்தைத் திறந்தார். சாலை நிலவரமும், பனி வழிக்கும் வண்டிகள் எங்கே போகின்றன என்பதும் அதில் தெரியும். பேரிக்குத் தெற்கே பனிப்பட்டை இன்னும் அதே இடத்தில் கிடந்தது. கேமரா படங்களில் வெள்ளையைத் தவிர வேறெதுவும் இல்லை.

அக்காவின் தம்பி, "அக்கா, உங்கடை ஃபோர் வீல் டிரைவ்தானே, மெல்ல மெல்லப் போயிடலாம்" என்றார்.

அக்கா பதில் சொல்லவில்லை. வேலை இடத்துக்குப் போன் செய்து, நாளை வர முடியாது, ஆள் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார். ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டினார். தம்பி மனைவியிடம், "எத்தினை பேருக்குப் புட்டு அவிக்கிறீர்? எங்களையும் சேருங்கோ" என்று கேட்டுக்கொண்டே மா குழைக்கப் போனார்.