உளுந்து டின்னில் ஒளித்த கேசட்

நாற்பத்தைந்து வயசுப் பையன். காதோரம் நரை. வீட்டுக் கடன், ரத்தக் கொதிப்பு எல்லாம் முறைப்படி உண்டு. அவன் வந்து, "அம்மா, இந்த வாரக் கடைசியில வீடியோ கேம் திருவிழா. மூணு பேருக்கும் டிக்கெட் வாங்கியாச்சு. நீயும் வரே!" என்றால் ஒரு வீணை டீச்சர் என்ன பதில் சொல்வாள்?

"இந்த வயசுல என்னை குருவாயூருக்குக் கூட்டிண்டு போவியா..." என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் மருமகள் என் கையில் கம்பளிக் கோட்டைத் திணித்துவிட்டாள்.

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலம். ஜனவரிக் குளிர். வாஷிங்டன் நகரத்தை ஒட்டி, போடோமேக் நதிக்கரையில் நேஷனல் ஹார்பர் என்று ஓர் இடம். அங்கே கேலார்ட் நேஷனல் என்று ஹோட்டல். சுமார் 2,000 அறைகள். நடு முற்றத்தில் பத்தொன்பது மாடி உயரத்துக்குக் கண்ணாடி! அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். (எனக்குச் சுளுக்கிக்கொண்டது.)

விழாவின் பெயர் மாக்ஃபெஸ்ட். இசையும் விளையாட்டும் சேர்ந்த விழா. 2002-ல் வர்ஜீனியாவில் ரோனோக் என்ற ஊரில் சில நூறு ரசிகர்கள் கூடி ஆரம்பித்தார்களாம். 2012-ல் இந்த ஹோட்டலுக்கு வந்தது. இப்போது இருபதாயிரம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். வியாழனில் ஆரம்பித்து ஞாயிறு வரை, ராத்திரி பகல் கிடையாது. வைகுண்ட ஏகாதசி மாதிரி கண் விழிக்கிறார்கள். எடுத்துச் செய்பவர்களும் பெரும்பாலும் ரசிகத் தொண்டர்கள்தான்.

லிஃப்டில் ஏறினேன். சிவப்புத் தொப்பி, ஒட்டு மீசை, நீல டங்கிரியோடு நாலு மரியோக்கள். நாலாவது மரியோ ஒரு பாட்டி. என்னைவிட ரெண்டு வயசாவது கூட இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்க வேஷம் பிரமாதம். எந்த கேம்ல வர்ற பாத்திரம்?" என்று கேட்டாள்.

நான் கட்டியிருந்தது சாதாரண சுங்குடிப் புடவை!

கீழே ஒரு பெரிய கூடம். வரிசை வரிசையாகப் பழைய கேம் மெஷின்கள். சேகரித்து வைத்திருக்கிறவர்கள் தங்கள் மெஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஊரார் விளையாடக் கொடுத்துவிடுகிறார்கள். கழுத்தில் அட்டை இருந்தால் போதும், காசு போட வேண்டாம். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி யார் வேண்டுமானாலும் உட்காரலாம். சத்தம்தான்... நூறு குழந்தைகள் ஒரே சமயத்தில் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்ட மாதிரி.

அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வந்தது.

1993. எங்கள் மந்தைவெளி வீடு. என் வீட்டுக்காரர் பர்மா பஜாரிலிருந்து ஒரு டி.வி. கேம் வாங்கி வந்தார். ஆறு வயசிலிருந்து என்னிடம் வீணை கற்று, வர்ணம் வரை வந்திருந்த பையன் அன்றைக்கு வீணையை உறையில் போட்டான். அதோடு சரி. கேசட் மேல் ஆயிரம் கேம் என்று போட்டிருக்கும். உள்ளே பத்துதான் திரும்பத் திரும்ப வரும். அதற்கே எதிர்த்தெருப் பையன் தினமும் சாயங்காலம் ஆஜர்.

1995-ல் பத்தாவது பரீட்சை. ஒருநாள் மரியோ கேசட்டைத் தூக்கி உளுந்து டின்னுக்குள் புதைத்துவிட்டேன். "எங்கேம்மா?" என்று கேட்டான். "எனக்கென்ன தெரியும்?" என்று சாதித்தேன். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் பரண் வரை தேடினான். ஒரு கேசட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றியது. எதிர்த்தெருப் பையனும் வருவதை நிறுத்தினான். 'அப்பாடா, படிக்கிறார்கள்' என்று சந்தோஷப்பட்டேன்.

பரீட்சை முடிந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வீணைப் பக்கம் வரவே மாட்டானோ என்று பயம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். வீணைப் பக்கம் அப்படியும் அவன் வரவில்லை. பாதியில் விட்ட மாணவர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களில் ஒருவன் என் வீட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை ராத்திரி கச்சேரிக்கு அழைத்துப் போனான். மேடையில் கிதார், டிரம்ஸ் எல்லாம் இருக்க, ஓரமாக ஒருவர் கேம் ஆடுகிறார். திரையில் அது தெரிகிறது. அவர் ஆட ஆட, குழு அந்த கேமின் இசையை நேரடியாக வாசிக்கிறது. பிட் பிரிகேட் என்ற குழு இந்தப் பாணிக்குப் பேர் போனதாம். ஆடுகிறவர் குகைக்குள் நுழைந்தால் அந்த நொடியே குகைப் பாட்டு. செத்துப் போனால் சாவு மெட்டு!

"இது நம்ம பரதநாட்டியம்டா! நட்டுவனாரும் மிருதங்கமும் ஆடறவ காலைப் பார்த்துத்தானே வாசிப்பா" என்றேன். பையன் திரும்பி என்னைப் பார்த்தான். ரொம்ப நாளைக்கப்புறம் பார்த்த மாதிரி.

அப்புறம் தாழ்வாரத்தில் கம்பளத்தின்மேல் உட்கார்ந்து, நான் கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம். பையன் பாடம் நடத்தினான். மரியோ 1985-ல் வந்தது. இசை ஜப்பானியரான கோஜி கோண்டோ. அந்த மெஷினின் சில்லுக்கு மொத்தம் ஐந்தே குரல்கள். இரண்டு மெட்டுக்கு, ஒன்று பெரும்பாலும் கீழ் ஸ்வரத்துக்கு, ஒன்று 'உஸ்ஸ்' என்று இரைந்து தாளம் போட, கடைசி ஒன்று பதிவு செய்த துண்டு ஒலிகளுக்கு. மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும், குரல் போதவில்லை என்றால், மூன்றையும் ஒரே குரலில் மாற்றி மாற்றி அதிவேகமாகச் சுழற்றுவார்கள். காது ஏமாந்து, சேர்ந்து கேட்டதாக நினைத்துக்கொள்ளும்!

"வீணைல மட்டும் என்னவாம்? வாசிக்க நாலு தந்தி, தாளத்துக்கு மூணு. அதுக்குள்ளதானே அத்தனையும்?" என்றேன். முப்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சங்கீதம் பேசியது அதுதான் முதல் தடவை.

"டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021-ல நடந்தப்போ வீரர்கள் அணிவகுத்து வந்தது கேம் மியூசிக்குக்குத்தாம்மா" என்றான். இன்னொன்றும் சொன்னான். வாஷிங்டனில் இருக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், காலத்துக்கும் காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2023-ல் மரியோ மெட்டை அதில் சேர்த்தார்கள். கேம் இசை அதில் ஏறியது அதுதான் முதல் முறை. அவர்கள் காப்பாற்றுகிறதைத்தான் நான் பேப்பர்காரருக்குப் போட்டிருக்கிறேன்!

அங்கே ஒரு அறையில் வாத்தியங்களை வைத்திருக்கிறார்கள். யாரும் போய் வாசிக்கலாம். பையன் தயங்கித் தயங்கி கீபோர்டில் உட்கார்ந்தான். முன்பின் தெரியாத இரண்டு பேர் கிதாரோடு சேர்ந்துகொண்டார்கள். அதே மெட்டு. என் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. ஓர் இடத்தில் என் தாளம் வேகம் பிடித்தது. அடுத்த நொடி அவர்களும் வேகம் பிடித்தார்கள்.

"எப்படிம்மா முன்னாடியே தெரிஞ்சுது?" என்றான் வெளியே வந்து. அந்த கேமில் நேரம் நூறுக்குக் கீழே இறங்கினால் பாட்டு வேகமாகிவிடும். "ரெண்டு வருஷம் சமையலறைல இருந்து கேட்டவடா நான். அந்த வேகம் வந்தா உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லைன்னு எனக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை கடைப் பகுதியில் மரியோ கேசட் ஒன்று கண்ணில் பட்டது. சாம்பல் நிறம். வழக்கம்போல டாலரை ரூபாயாக்கிப் பார்த்து மயங்கி விழாமல், என் கைக்காசில் வாங்கினேன். காரில் அவன் கையில் வைத்து, உளுந்து டின் கதையைச் சொன்னேன்.

அவன் வண்டியைக் கிளப்பவில்லை. ரொம்ப நேரம் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது நம்ம மெஷின்ல போகாதும்மா. இதுக்கு 72 பின், நம்மளுதுக்கு 60."

"போகட்டும்டா, ஞாபகத்துக்கு வச்சுக்கோயேன்."

"அதில்லம்மா... அந்த கேசட் என்னுதே இல்ல. எதிர்த்தெருவில இருந்தானே, அவனோடது. தொலைஞ்சுடுச்சுன்னு சொன்னேன். அவன் நம்பல. நான் வித்துட்டேன்னு நெனச்சுட்டான். அதுக்கப்புறம் அவன் என்கிட்ட பேசவே இல்ல."

பின் சீட்டிலிருந்து மருமகள் சத்தமில்லாமல் என் தோளில் கை வைத்தாள். எனக்கு அந்தக் கண்ணாடி முற்றமே தலையில் இடிந்து விழுந்த மாதிரி இருந்தது. ஒரு கேசட்டை ஒளித்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

இப்போது மந்தைவெளிக்குத் திரும்பிவிட்டேன். டி.வி. கேம் மெஷின் இன்னும் பரணில்தான் இருக்கிறது. வாரம் ஒரு தடவை ரிச்சி தெருவுக்குப் போய் 60 பின் கேசட் இருக்கா என்று கேட்கிறேன். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். எதிர்த்தெருப் பையனின் அக்கா மயிலாப்பூரில்தான் இருக்கிறாளாம். கேசட் கிடைக்காவிட்டாலும் அவளிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் உளுந்து டின் இருக்கும். எதற்கும் ஒரு தடவை கைவிட்டுத் துழாவிப் பாருங்கள்.