செம்பு பாட்டிலும் ஒரு பச்சைக் கல்லும்

ரிடையர் ஆனதிலிருந்து அப்பாவுக்கு உடம்பு மேல அக்கறை ஜாஸ்தி. செம்பு பாட்டில்ல ராத்திரி தண்ணி வச்சு காலையில குடிச்சா நல்லதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. எலுமிச்சை பிழிஞ்சு வச்சா இன்னும் நல்லதுன்னு இவரே முடிவு பண்ணிட்டார். காலையில ஒரு டம்ளர் குடிச்சதும் ஆரம்பிச்ச வாந்தி, சாயங்காலம் ஊசி போட்ட பிறகுதான் நின்னுது. "புளிப்பை செம்புல வைக்காதே, களிம்பு ஏறும்னு உங்கம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்களே" என்று அம்மா ஒரே சத்தம். நான் வாயே திறக்கவில்லை. பாட்டிலை ஆன்லைன்ல வாங்கி அனுப்பிய புண்ணியவான் நான்தான்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் களிம்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததோடு நிற்காமல், வினிகரில் செம்புக் கம்பியையும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடையும் போட்டு பால்கனியில் வைத்தேன். கரைசல் நீலமாச்சு. மூணு வாரத்தில் அடியில் கரும்பச்சையாய் குட்டிக் குட்டிக் கற்கள். காப்பர் அசிடேட்.

இந்தக் கல்லுக்குள்ளே செம்பு அணுக்கள் தனியா இருப்பதில்லை, ஜோடி ஜோடியா இருக்கு. நாலு அசிடேட்டும் ஆளுக்கு இரண்டு ஆக்சிஜன் கைகளால் இரண்டு செம்பையும் பிடிச்சுக்கும், தண்ணியில் சுத்துற துடுப்புச் சக்கரம் மாதிரி. இரண்டு முனையிலும் ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறு. செம்புகளுக்கு நடுவே சுமார் 2.6 ஆங்ஸ்ட்ராம்தான், கிட்டத்தட்ட செம்புத் தகட்டில் இருக்கும் அதே இடைவெளி.

இதைக் கண்டுபிடிச்ச கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. குளிர வைத்தால் இதன் காந்தத்தன்மை கூடணும், ஆனா குறைஞ்சுது. 1952-ல் பிளீனியும் பவர்ஸும் அதை வைத்தே 'செம்புகள் ஜோடி சேர்ந்திருக்கு' என்று சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் வான் நீகெர்க், ஷோனிங் இருவரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், அப்படியேதான் இருக்கு! கோடைத் திறக்காமல் லாகை மட்டும் பார்த்து பக் எங்கேன்னு சொன்ன மாதிரி. (எங்க டீம்ல அப்படி ஒருத்தர் கிடைச்சா கோவில் கட்டலாம் :-) )

இதே சக்கரங்களைக் கோர்த்து 1999-ல் ஹாங்காங்கில் ஓட்டை ஓட்டையான ஒரு படிகம் செய்தார்கள். 2025 வேதியியல் நோபல் அந்த வகைப் பொருட்களுக்குத்தான்.

ஊருக்குப் போனப்ப கற்களை சீசாவில் போட்டு அப்பாகிட்ட காட்டினேன். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதையாடா நான் குடிச்சேன்?"

"இல்லப்பா, இது அசிடேட். நீங்க குடிச்சது சிட்ரேட், அதோட அமைப்பே வேற..."

அம்மா என்னை முறைத்த முறையில் அதோடு நிறுத்திக்கொண்டேன். பாட்டில் இப்போ பரண்மேல.