முதல் எஞ்சின் எது?

லண்டனுக்குப் போகிறவர்கள் மெழுகுப் பொம்மைகளைப் பார்க்கிறார்கள். அரண்மனை வாசலில் காவல் மாறுவதைப் பார்க்கிறார்கள். கால் கடுக்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். நீங்கள் போகும்போது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்காக ஒதுக்கி வையுங்கள். கோடைக்காலத்து ஞாயிறாக இருக்க வேண்டும். மழையும் பெய்யக் கூடாது. இங்கிலாந்தில் இரண்டாவது நிபந்தனைக்கு நான் பொறுப்பாளி அல்ல.

விக்டோரியா ஸ்டேஷனில் பிரைட்டன் மார்க்கத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய முக்கால் மணியில் ஹேவர்ட்ஸ் ஹீத் வந்துவிடும். அதற்குச் சற்று முன்னால் ஊஸ் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கை 37 வளைவுகள் கொண்ட செங்கல் பாலத்தின் மீது ரயில் கடக்கும். 1841-ல் ரயில் ஓட ஆரம்பித்த பாலம் அது. ஒரு கோடிக்கு மேல் செங்கல் விழுங்கியிருக்கிறது! ஆனால் நாம் பார்க்கப் போவது இத்தனை பெரிய சமாசாரம் அல்ல.

ஊரின் மேற்கே பீச் ஹர்ஸ்ட் என்று ஒரு பூங்கா. அதில் தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்டிய தண்டவாளம் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போகிறது. அதன் மேல் வருகிற எஞ்சினைப் பார்த்தால் முதலில் பொம்மை என்றுதான் நினைப்பீர்கள். பக்கத்தில் போனால்தான் தெரியும்: உள்ளே நிஜமான கரி, நிஜமான நெருப்பு, நிஜமான நீராவி. பின்னால் பெஞ்சு போன்ற வண்டிகளில் இருபுறமும் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு குழந்தைகளும் பெரியவர்களுமாகப் பத்துப் பேர்! ஓட்டுகிறவர் எஞ்சினுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, தேக்கரண்டி அளவுச் சட்டுவத்தால் கரி போடுகிறார். (புடவைக்காரர்கள் அன்றைக்கு மட்டும் சல்வார் கமீஸ் அணிவது உசிதம். கரித்தூள் பறக்கும்.)

இப்படிப்பட்ட எஞ்சின்களில் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை அல்ல. யாரோ ஒருவர் தம் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில், சின்ன லேத் ஒன்றை வைத்துக்கொண்டு, சக்கரம் முதல் விசில் வரை தாமே செய்தவை. ஒன்றை முடிக்க மூன்று நான்கு வருஷம் ஆவது சர்வ சாதாரணம். பத்து வருஷம் ஆனாலும் யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை.

ஆகையால், முதலில் எந்த எஞ்சினைச் செய்வது என்ற கேள்வி லேசானது அல்ல. புடவை எடுப்பதைப்போல் ஒரு மத்தியான்னத்தில் முடித்துவிடக்கூடிய காரியமா? ஒரு குடும்பத்தின் எத்தனையோ மாலை வேளைகள் அந்த முடிவில் அடங்கியிருக்கின்றன. இதில் மனைவியின் யோசனையைக் கேட்காத கணவன்மார் பின்னால் வருத்தப்படுவார்கள் என்பது என் அபிப்பிராயம். மனைவியே லேத்தைப் பிடித்தாலும் எஞ்சின் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை!

பலரும் செய்வது என்ன? சிறு வயதில் கண்டு மயங்கிய எக்ஸ்பிரஸ் எஞ்சினையே தேர்ந்தெடுக்கிறார்கள். 1923-ல் பிறந்த 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' மாதிரி. அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதற்குச் சிலிண்டர் மூன்று. மூன்றாவது, சட்டங்களுக்கு நடுவே கை நுழையாத இடத்தில் இருக்கிறது. அதற்கென்று அச்சையே வளைத்துச் செய்ய வேண்டும். பெரிய சக்கரம் ஆறு, சின்னச் சக்கரம் ஆறு, அப்புறம் கரியும் தண்ணீரும் சுமக்கும் தனி வண்டி. இரண்டாம் வருஷத்தில் உற்சாகம் வற்றுகிறது. நாலாம் வருஷத்தில் சட்டமும் சக்கரமும் மேஜைக்கு அடியில் பழந்துணி போர்த்திக் கிடக்கின்றன. பின்னால் ஒரு நாள், செய்தவர் காலமான பிறகு, அவர் வீட்டார் அதை வந்த விலைக்குக் கொடுத்து விடுகிறார்கள். இப்படிப் பாதியில் நின்ற எஞ்சின்கள் அந்த நாட்டில் இன்றும் விற்பனைக்கு வந்தவண்ணம் இருக்கின்றன.

இதை நன்கு உணர்ந்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வந்த பிரைட்டன் மார்க்கம் ஒரு காலத்தில் 'லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட்' கம்பெனிக்குச் சொந்தம். அதில் வேலை பார்த்த லாரன்ஸ் என்பவர், கம்பெனிப் பெயரின் முதல் எழுத்துக்களையே புனைபெயராக வைத்து 'எல்.பி.எஸ்.சி.' என்று எழுதினார். சின்ன பாய்லரில் கரி நெருப்பு சரிப்படாது, ஸ்பிரிட் விளக்குதான் வேண்டும் என்று நிபுணர்கள் சாதித்த காலம் அது. 1924-ல் இவர் தாம் செய்த 'ஆயிஷா' என்ற கரி எஞ்சினைப் பொருட்காட்சிக்குக் கொண்டுவந்தார். தண்டவாள அகலம் இரண்டரை அங்குலம். இழுத்ததோ வளர்ந்த மனிதர்களை! அதன் பிறகு பல பத்தாண்டுகள், 1967-ல் மறையும் வரை, சாமானியர்களுக்குப் புரியும்படி எஞ்சின் செய்யக் கற்றுக் கொடுத்தார். ஆரம்பக்காரர்களுக்கென்றே அவர் வகுத்தது 'டிச்': மூன்றரை அங்குல அகலம், நாலே சக்கரம், ஒருவரே தூக்கிவிடலாம்.

ஆனால் டிச்சிடம் ஒரு சங்கடம் உண்டு. பாய்லர் சின்னது. சின்னப் பாத்திரத்தில் பால் பொங்குவதை நீங்கள் அறிவீர்கள். கொஞ்சம் அசந்தால் போச்சு. அதேபோல் நெருப்பும் தண்ணீரும் சட்டென்று மாறும். செய்வது சுலபம், ஓட்டுவது கஷ்டம். பெரிய பாய்லர் வைக்கவும் வரைபடம் இருக்கிறது, அதுவே மேல். மார்ட்டின் எவான்ஸ் என்பவர் வகுத்த ஆறு சக்கர 'ராப் ராய்' இன்னும் சாதுவானது. என்னைக் கேட்டால், ஜாக் பக்லர் வகுத்த 'ஸ்வீட் பீ'க்கே என் ஓட்டு. ஐந்து அங்குலம், நாலு சக்கரம். பாகங்கள் பெரியவை, கைக்கு வசப்படும். வயதான கண்ணுக்கும் தெரியும். நெருப்பு அறை உருண்டைக் குழாய் வடிவம். ஆகவே பாய்லர் செய்வதில் தலைவலி குறைவு. பார்வைக்குக் குட்டையும் பருமனுமாக இருக்கும். இருக்கட்டுமே! கனமும் அதிகம், தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.

ஊருக்கு அருகே என்ன அகலத்தில் தண்டவாளம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் செய்துவிட்டு ஓட்ட இடம் தேடி அலைவது பரிதாபம்.

பாய்லர் என்றதும் பயந்துவிடாதீர்கள். நம் வீட்டுச் செம்பு வெந்நீர் பாய்லரின் தத்துவம்தான். நெருப்பு நடுவே, தண்ணீர் சுற்றிலும். இங்கே வெள்ளி கலந்த பற்றாசு வைத்துப் பற்றவைக்கிறார்கள். உங்கள் பிரஷர் குக்கரில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் என்றால், இதில் 80, 90 பவுண்டு. அதனால் முதலில் நெருப்பே இல்லாமல், தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அதைப்போல் இரண்டு மடங்கு அழுத்திச் சோதிக்கிறார்கள். கசிந்தால் தண்ணீர் சொட்டும். நீராவியைப்போல் சீறி வெடிக்காது. சங்கத்தார் சான்றிதழ் கொடுத்தால்தான் பூங்காவில் ஓட்டலாம். பிறகும் அவ்வப்போது சோதனை உண்டு.

அந்த முதல் சோதனை நாளில் கொட்டகைக்குள் யாரும் பேசுவதில்லை. முள் மெல்ல மெல்ல ஏறுகிறது: 100, 140, 180. அங்கேயே நிற்க வேண்டும். காபியை அப்புறம் கொண்டு போங்கள்.