சொன்னதைத்தான் செய்யும்!

எங்கள் வீட்டில் இரண்டு நோட்டுகள் உண்டு. ஒன்று என்னுடையது. பால் கணக்கு, கேஸ் வந்த தேதி, மாமியாரின் சர்க்கரை அளவு எல்லாம் அதில்தான். மற்றது என் மகனுடையது. பெங்களூர் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் வேலை. 2020-ல் கொரோனா சமயத்தில் ராசிபுரம் வந்தவன், இன்னமும் மாதத்தில் பாதி நாள் எங்கள் மாடி அறையிலிருந்துதான் வேலை பார்க்கிறான்.

புதிதாக வந்த சாமான், புதிதாகக் கற்ற கருவி, எது உதவியது, எது காசுக்குப் பிடித்த கேடு என்று நாம் சமையல் குறிப்பு எழுதுகிற மாதிரி எழுதி வைப்பான். சில சமயம் எனக்குப் படித்தும் காட்டுவான். "கைக்கடிகாரம். நடந்த அடியை எண்ணும், தூக்கத்தையும் அளக்கும். ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டால் தூக்கத்தை எப்படி அளக்கும்?" என்று ஒரு குறிப்பு. சிரித்துவிட்டேன்.

இன்னொரு பக்கத்தில் 'பைதான்' என்று இருந்தது. "என்னடா, பாம்பா?" என்றேன்.

"இல்லம்மா, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ற மொழி. கைடோ வான் ரோசம்னு நெதர்லாந்துக்காரர் 1991-ல் வெளியிட்டார். இங்கிலாந்து டி.வி.யில வந்த ஒரு சிரிப்பு நிகழ்ச்சியோட பேரைத்தான் வச்சார். பாம்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அந்தப் பைதானில்தான் போன வருஷம் எனக்கு ஓர் உதவி செய்து கொடுத்தான். மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது, நெடுநாள் சர்க்கரைக்காரர். வீட்டிலேயே விரல் நுனியில் குத்தி, ஸ்டிரிப் வைத்து, மிஷினில் பார்ப்போம். அந்த எண்ணைப் போனில் போட்டால், 200-க்கு மேல் போனதும் "ஆயாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கு" என்று எனக்கும் அவனுக்கும் தமிழிலேயே செய்தி வரும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினேன். நாளடைவில் எண்ணை நான் பார்ப்பதே குறைந்துவிட்டது. போன் சத்தம் போடவில்லையென்றால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டபிறகுதான் சாப்பிடுவேன் என்று மாமியார் காத்திருந்தார். மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். பதினொரு மணிக்குப் பார்த்ததில் 62. போனில் போட்டேன். சத்தமே இல்லை. நானும் வடைக்கு மாவு அரைக்கப் போய்விட்டேன்.

சற்று நேரத்தில், "கண்ணு, கையெல்லாம் நடுங்குதே" என்று குரல். ஓடினேன். புடவை நனைகிற அளவுக்கு வியர்வை. என்னைப் பார்த்து என் நாத்தனார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்! அப்போதுதான் அந்த 62 மண்டையில் உறைத்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, "அத்தை, மெதுவாக் குடிங்க" என்று கொடுத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தால் 91. உடனே சோறு போட்டேன். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். மாலையில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை அளவைக் குறைத்தார். "விரதமிருக்கணும்னா என்னைக் கேட்டுட்டு இருங்கம்மா" என்று கண்டித்தும் அனுப்பினார்.

மகன் முகம் வாடிவிட்டது. "தப்பு என்னோடதும்மா" என்றான். யோசித்துப் பார்த்தேன். எதைக் கவனிக்கணும் என்று அவன் கேட்டபோது, "ஏறினா சொல்லணும்" என்று சொன்னது நான்தானே? 70-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் அவனுக்குச் சொல்லவில்லை. இருபது வருஷம் மாமியாரைப் பார்த்துக்கொண்டவளின் அனுபவம் இயந்திரத்துக்குத் தானாக வந்துவிடுமா?

அன்று ராத்திரியே திருத்தினான். "பழசு அழிஞ்சுடாதா?" என்று கேட்டேன்.

"அதுக்கு 'கிட்'னு ஒண்ணு இருக்கும்மா. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல செஞ்சது. எதை, எப்போ, யாரு, ஏன் மாத்தினாங்கன்னு குறிச்சு வச்சுக்கும்."

அடேடே, என் பால் நோட்டேதான்! 'ஏன்' என்ற இடத்தில் அவன் எழுதியதை எட்டிப் பார்த்தேன். "அம்மாவிடம் முழுதாகக் கேட்காததால்."

கம்ப்யூட்டரில் வரும் பிழையைப் 'பூச்சி' என்பார்களாம். 1947-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கணிப்பொறியில் நிஜமாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டதாம். அதை எடுத்து நோட்டிலேயே ஒட்டி வைத்தார்களாம். எங்கள் வீட்டுப் பூச்சி என் வாயில் வராமல்போன ஒரு வார்த்தை!

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளும் புதுக் கருவி எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டாம் என்று ஒதுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நமக்குத் தெரிந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர் இருக்கும் வீட்டில் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் போனைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது ஏறினாலும் இறங்கினாலும் போன் சத்தம் போடுகிறது. ஆனாலும் எண்ணை முதலில் என் நோட்டில் எழுதிவிட்டுத்தான் போனில் போடுகிறேன்.